இந்த வகைக் கணினிக்கு வேலை இல்லை

நான் படிப்பிக்கும் டியூட்டரிக்குப் புதுக் கணினிகள் வந்தபோது, கழித்துவிட்ட பழையவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாக்கால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் இயங்குதளமாக ஒரு பழைய லினக்ஸ் இருந்தது. புதிய பதிப்பை ஏற்றிப் பார்த்தால் மூச்சு வாங்கியது. அதனால் பழையதையே விட்டுவைத்தேன்.

அந்த நாட்களில் அக்கா எங்களுடன் இருந்தார். உடுப்பிட்டியில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போய்வர எங்கள் வீடு வசதி என்று வந்து தங்கியிருந்தார். ஓட்டோ பிடிப்பதையும் வரிசையில் நிற்பதையும் தவிர அவருக்காக நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. அப்போதுதான் அந்தத் தன்னார்வத் திட்டம் கண்ணில் பட்டது. ஆராய்ச்சியாளர்களின் பெரிய கணக்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, உலகெங்கும் வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அனுப்புவார்கள். அவை செய்து முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். புற்றுநோய் ஆராய்ச்சியும் அதில் இருந்தது. ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை என்று நினைத்தேன்.

அவர்கள் தயாராக வைத்திருந்த மென்பொருள் என் லினக்ஸைக் கண்டதுமே பழையது என்று நின்றுவிட்டது. இருந்த ஒரே வழி, அந்த மென்பொருளை எழுதிய மூலநிரலை இறக்கி, இந்த இயந்திரத்தில் ஓடும் வடிவத்துக்கு நானே மாற்றி, தொகுப்பது. தொகுக்கத் தொடங்கினால், அதற்குத் துணையாக வேண்டிய ஒரு நிரல் நூலகம் இல்லை என்றது. அதைத் தேடிக் கொடுத்தால், அந்த நூலகத்துக்கு இன்னொன்று வேண்டுமாம். எல்லாவற்றையும் கொடுத்து ஓடவிட்டபோது, முக்கால்வாசியில் கரண்ட் போனது. வந்ததும் திரும்பத் தொடங்கினேன். கணினி இருந்தது விறாந்தையில். நல்ல காற்றாடி அங்கேதான் என்பதால் அக்காவின் கட்டிலும் அங்கேதான்.

"உது என்னடா, அரிசி ஆலை மாதிரி இரையுது?" என்றார் அக்கா. மருந்து ஏற்றிய மறுநாள் அது. எந்தச் சத்தமும் அவருக்கு ஆகாது. நிறுத்தினேன். அவர் தூங்கியதும் திரும்பப் போட்டேன். எழும்பியதும் நிறுத்தினேன்.

ஒருவழியாகத் தொகுத்து முடிந்தது. இயக்கினால், திட்டத்தின் சேவையகத்தோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்த முடியவில்லை என்றது. சேவையகம் உண்மையானதுதான் என்று உறுதிசெய்யும் சான்றிதழ்களை அழித்தேன், திரும்ப ஏற்றினேன், இணையக் கம்பியைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால், கணினி பல வருடங்களுக்கு முந்திய ஒரு தேதியில் இருந்தது. உள்ளே இருக்கும் சின்ன பட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னுக்கு ஓடிவிடும். இன்னும் பிறக்காத சான்றிதழை அது எப்படி நம்பும்?

தேதியைத் திருத்தினேன். இணைப்புக் கிடைத்தது. சேவையகம் உடனே பதிலும் அனுப்பியது: இந்த வகைக் கணினிக்கு வேலை இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் கையால் அடித்துவிட்டேன். இதே வகைக் கணினியில், இதே வகைக் கணக்கைத் தயார் மென்பொருள் செய்ததாக எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். பயனர்களின் மன்றத்தில் கேட்டேன். ஒருவர் தயாராக உள்ளதை ஏற்றச் சொன்னார். இன்னொருவர் புதுக் கணினி வாங்கச் சொன்னார். தேடிப் போனதில், பல வருடங்களுக்கு முன் ஒருவர் இதே சிக்கலை வரிக்கு வரி அப்படியே எழுதியிருந்தார். நேரே கடைசிப் பதிவுக்குப் போனேன். அவரே எழுதியிருந்தார்: சரிவந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. எப்படிச் சரிவந்தது என்று ஒரு சொல் இல்லை.

அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"செய்கையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதியிருக்கிறார்," என்றார். "நானெண்டால் புள்ளி குடுக்கமாட்டன்."

சேவையகத்தோடு நடந்த பேச்சின் பதிவை வரிவரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிழை ஒரு பெயரில் இருந்தது. சேவையகத்தோடு பேசும்போது மென்பொருள் தன் இயந்திரத்தின் வகையைச் சொல்லி அறிமுகம் செய்யும். தயார் மென்பொருள் அங்கே பதிவில் உள்ள பெயரைச் சொல்லும். நான் தொகுத்ததோ, தானாக ஊகித்த ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயரின் நடுவில், எந்த நிறுவனத்தின் இயந்திரம் என்று வரவேண்டிய இடத்தில், 'தெரியாது' என்று இருந்தது. யாரென்றே தெரியாது என்று தன்னை அறிமுகம் செய்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சரியான பெயரைக் கட்டளையில் கொடுத்து, முதலிலிருந்து முழுவதையும் திரும்பத் தொகுத்தேன். நடுவில் கரண்ட் போகவில்லை. அதனாலேயே அன்று எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது.

முதல் கணக்கு வந்தது. கணினி நாட்கணக்கில் அதை மென்றது. முடித்து அனுப்பியபோது, தவணை கடந்துவிட்டது, வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. நான் எழுந்துபோய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். பிறகு, சின்னக் கணக்குகளாகப் பார்த்து எடுக்கும்படி அமைத்தேன். அடுத்தது நேரத்துக்கு முடிந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அக்காவிடம் சொன்னேன்.

"உதாலை எனக்கு ஏதும் வருமோ?"

"இல்லையக்கா. உந்த ஆராய்ச்சி முடிய எத்தினையோ வரியம் செல்லும்."

அவர் திரையின் பக்கம் திரும்பிப் படுத்தார். "அப்ப ஆருக்கோ," என்றார். "பரவாயில்லை, ஓடட்டும்." அன்றைக்குப் பிறகு இரைச்சலைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. மருந்து ஏற்றிய மறுநாளில்கூட நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தப் போனபோது என்னைத்தான் ஏசினார்.

வைத்தியம் முடிந்து, தலையில் கட்டை மயிர் முளைத்திருக்க, அவர் உடுப்பிட்டிக்குத் திரும்பிப் போனார். சோதனைக்கு மட்டும் இடையிடையே வருவார். போனவாரம் தொலைபேசியில் பேசும்போது, "உவன் வேலை செய்யிறானோ?" என்று கணினியைப் பற்றிக் கேட்டார்.

இல்லை என்றேன். திட்டக்காரர்கள் ஏதோ மாற்றிவிட்டார்கள், இனிப் புதிய பதிப்புத்தான் ஓடுமாம், புதிய பதிப்புக்கு என்னிடம் உள்ள நூலகங்கள் ஒன்றும் காணாதாம், முதலிலிருந்து தொகுக்கவேண்டும் என்றேன். அந்தப் பக்கத்தில் அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதைத்து முடித்துவிட்டு வந்து, இல்லாத முதலாவது நூலகத்தைத் தேடத் தொடங்கினேன்.