பெட்டிக்குள் ஓடிய பெட்டி

எங்கள் பட்டாசு ஆலை ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டரை மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்பதை நான் விட்டுப் பல வருடமாகிறது. கேட்டுக் கேட்டு எனக்கே என் குரல் அலுத்துவிட்டது. "அது ஓடுதுல்ல?" என்பார். ஓடத்தான் செய்கிறது. காலையில் வந்ததும் பொத்தானை அமுக்கிவிட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்து, தண்ணீர் குடித்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தால் அப்போதுதான் அது கண்ணைத் திறக்கும். சாமிக்குப் பூ மட்டும்தான். பட்டாசு ஆலைக்குள் ஊதுபத்தி ஏற்ற முடியாது.

அந்தப் பெட்டியை மாற்ற முடியாமல் போனதற்கு ஒரு காரணமும் உண்டு. சரக்கு இருப்பு பார்க்கும் புரோகிராம் ஒன்று அதில் இருக்கிறது. எழுதிக் கொடுத்த ஆள் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியின் பின்பக்கம் செருகியிருக்கும் ஒரு சின்னக் கட்டை இருந்தால்தான் அது திறக்கும். அந்தக் கட்டையைச் செருகும் ஓட்டை இப்போது வருகிற கம்ப்யூட்டர் எதிலும் இல்லை. லோடு ஏறும் நாளெல்லாம் அந்தப் புரோகிராம் திறந்தே கிடக்க வேண்டும். ஆனால் அதே இருப்பை அரசாங்கத்தின் இணையத் தளத்திலும் ஏற்ற வேண்டும். அந்தத் தளமோ எங்கள் பெட்டியைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் பிரௌசர் பழையது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். எனக்கும் வயது ஐம்பத்தைந்து. பழையது என்று யார் சொன்னாலும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

அதனால்தான் அந்த வேலையைச் செய்தேன். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாக நம்பவைக்கிற ஏற்பாடு. பழைய பெட்டியில் இருந்த ஒரு ஜிபி மெமரியில் பாதியை வெட்டி அதற்குக் கொடுத்தேன். அந்தப் பாதிக்குள் அடங்குகிற மாதிரி, இருப்பதிலேயே மெலிந்த லினக்ஸ் ஒன்றைத் தேடிப் போட்டேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போனது. "வீட்டுல கெடக்குற வேலையெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியாதே" என்று மனைவி சொன்னது தனிக் கதை. கடைசியில் ஒரு ஜன்னலுக்குள் அந்தக் குட்டிப் பெட்டி எழுந்து உட்கார்ந்து, அரசாங்கத் தளத்தைத் திறந்து காட்டியபோது, நான் ஏதோ ராக்கெட் விட்டவன் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். பட்டாசு ஆலையில் ராக்கெட் விடுவது பெரிய விஷயமில்லைதான்.

அதற்கு ஒரு குணம் உண்டு. அந்த லினக்ஸ் முழுவதும் மெமரியிலேயேதான் ஓடும். எழுதியது, சேர்த்தது எதுவானாலும், முறையாக மூடும்போதுதான் டிஸ்க்கில் போய் உட்காரும். மூடுவதற்கு முன் கரண்ட் போனால், அன்று எழுந்ததிலிருந்து செய்த எதுவும் அதற்கு நினைவிருக்காது. மூட இரண்டு நிமிடம், மறுபடி எழுப்ப ஏழெட்டு நிமிடம். அந்தச் சோம்பலில் நான் அதை மூடவே மாட்டேன். சாயங்காலம் திரையை மட்டும் அணைத்துவிட்டு வேன் ஏறிவிடுவேன். யூ.பி.எஸ். பேட்டரி செத்துப்போனதை முதலாளியிடம் சொன்னேன். அதற்கும் "ஓடுதுல்ல?" என்றுதான் பதில் வந்தது.

எங்கள் ஆலை ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் போனை கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே யாரும் ஓடக் கூடாது. அவசரமானாலும் நடைதான். வானம் கருத்து முதல் இடிச் சத்தம் கேட்டதும் போர்மேன் மெயின் சுவிட்சை இறக்கி ஆலை முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டு விசில் ஊதுவார். மெயின் இறங்கிய பிறகுதான் விசில். விசில் கேட்டதும் வெடிமருந்து ஷெட்டிலும் பேக்கிங்கிலும் இருக்கும் நாற்பது பேரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, கேட் பக்கம் இருக்கும் கூடத்துக்கு நடந்து போய்விட வேண்டும். மின்னலுக்கும் மருந்துக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் போர்மேனுக்கு இடது புருவம் கிடையாது. சின்ன வயதில் வேறொரு ஆலையில் பட்ட தீயில் போனது, பிறகு முளைக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் தம்பி என்பேன். மெயின் விஷயத்தில் மட்டும் அவருக்கு அண்ணாச்சியும் கிடையாது, முதலாளியும் கிடையாது. ஒரு முறை முதலாளி பெரிய பார்ட்டியோடு ஏசி அறையில் பேசிக்கொண்டிருந்தபோதே இறக்கிவிட்டார். முதலாளி வியர்த்துக்கொண்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, கூடத்தை நோக்கி நடந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் பதிய வேண்டும். பிரௌசிங் சென்டருக்குப் போக ஒருநாள் லீவு கேட்டு அவர் என் மேசைக்கு வந்தார். சீசன் நேரம். போர்மேன் இல்லாமல் ஷெட்டைத் திறக்க முடியாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எதுக்குத் தம்பி லீவு? இங்கனயே போட்டுத் தாரேன். நம்ம பெட்டில எல்லாம் ஓடும்," என்றேன்.

"அம்புட்டும் இதுல வருமா அண்ணாச்சி?"

"வரும். நீங்க பிள்ளைகிட்ட லிஸ்ட்டை மட்டும் எழுதி வாங்கிட்டு வாங்க."

வீட்டில் என் போனில் உட்கார்ந்தே அதைச் செய்திருக்கலாம். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாலு ஞாயிற்றுக்கிழமை உழைத்து ஓடவைத்த பெட்டி. அதன் அருமை தெரிந்தவர் அந்த ஆலையில் ஒருவரும் இல்லை. ஒரு ஆளுக்காவது காட்ட வேண்டும் என்று இருந்தது. பெருமைதான், வேறென்ன.

திங்கட்கிழமை, தளம் திறக்கிறதா என்று சோதிக்க உள்ளே போனேன். கண்ணில் முதலில் பட்ட விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றைப் போட்டு, சேமி என்று அமுக்கிப் பார்த்தேன். சேமித்தது. குட்டிப் பெட்டி பாஸ் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் லிஸ்ட் வந்தது. நீள நோட்டிலிருந்து கிழித்த தாளில், கோடு போட்டு, எண் போட்டு, முப்பத்திரண்டு கல்லூரிகள். முதல் பெயர் கோயம்புத்தூரில். அதன் அடியில் மட்டும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

தளத்தில் ஒவ்வொரு கல்லூரியையும் தேடி எடுக்கக் குட்டிப் பெட்டிக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆனது. மவுஸ் அந்த ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே எடுக்க ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அதற்குள் வாசலில் லாரிக்காரர் பில் கேட்டு நிற்பார். ஆகவே, லோடுக்கு நடுநடுவே, எல்லாக் கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் தேடி லினக்ஸில் ஒரு பக்கத்தில் தட்டி வைத்தேன். செவ்வாயும் புதனும் அதிலேயே போயின. வியாழக்கிழமை மொத்தமாக ஏற்றிவிடலாம் என்பது என் திட்டம். வியாழன் மாலை ஐந்து மணிதான் கடைசி. ஐந்து மணிக்கு எது சேமிக்கப்பட்டிருக்கிறதோ அதைத் தளமே பூட்டிக்கொள்ளும்.

வியாழன் காலை வடக்கே போகும் இரண்டு லோடு வந்து என் உயிரை வாங்கியது. மூன்று மணிக்குத்தான் கை ஓய்ந்தது. திங்கட்கிழமை பாஸ்வேர்டு மட்டும் கேட்ட தளம், அன்று ஓ.டி.பி.யும் கேட்டது. அது போர்மேனின் பட்டன் போனுக்குத்தான் வரும். போன் கேட்டில், மரப்பெட்டியில். அவர் நடந்து போய், எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, நடந்து வந்தார். ஓடக் கூடாதே. வந்து சேர்வதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை வாட்ச்மேன் பாதி வழி எதிரே வந்ததால் உள்ளே போக முடிந்தது. அப்போது மணி மூன்று ஐம்பது. கோயம்புத்தூரை முதலில் போட்டேன். எண் கையில் இருந்தும் ஒவ்வொன்றும் ஏற இரண்டு மூன்று நிமிடம் ஆனது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பக்கம் அப்படியே உறைந்து நின்றதால், கடைசியில் மொத்தமாகச் சேமித்துக்கொள்ளலாம் என்று அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போனேன்.

மணி நாலைத் தொட்டு, நாலாவதைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேற்கே மலைப்பக்கம் இடித்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன். வராந்தாவில் மெயின் போர்டுக்குக் கீழே போர்மேன் நின்றார். அவரும் என்னைப் பார்த்தார். திரையில் யாருடைய வேலை ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். "தம்பி, ரெண்டு நிமிசம்," என்றேன். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டு கைப்பிடியை இறக்கினார். விசில் சத்தம் கேட்டது.

கூடத்தில் நின்றபடி என் போனை வாங்கி முயன்றேன். கடைசி மணி நேரம், தளத்தில் ஊரே ஏறியிருக்கும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தும் ஆனது. பத்துத் துளி மழைகூட விழவில்லை. கரண்ட் வந்து குட்டிப் பெட்டி எழுந்தபோது, இரண்டு நாள் தட்டிய முப்பத்திரண்டு எண்களும் இல்லை. தளம் பூட்டி வைத்திருந்தது ஒரே ஒரு பெயரைத்தான். திங்கட்கிழமை நான் போட்டுப் பார்த்த பெயர்.

"மெயின் போனதுல மிச்சம் ஏறல தம்பி," என்றேன்.

பொய் இல்லை. ஆனால் உண்மையும் அது இல்லை. மீதி இருபத்தெட்டுப் பெயரை ஏற்ற எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டியிருந்தது. அவர் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் ஐந்து மணிக்குள் முடிந்திருக்காது. நடுவில் ஒருதரம் சேமித்திருந்தால் கோயம்புத்தூராவது நின்றிருக்கும். அதையும் நான் செய்யவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, "நம்ம நேரம் அண்ணாச்சி," என்று சொல்லிப் போனார். அவர் மகளுக்கு அந்த விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரிதான் கிடைத்தது. காராச்சேவும் மிக்சரும் வாங்கி வந்து கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் முன்னாலேயே தின்றேன்.

அந்தப் பெண் இப்போது கடைசி வருடம். காலையில் அவளுடைய கல்லூரி பஸ்ஸும் எங்கள் வேனும் ஒரே ரோட்டில் எதிரெதிரே வரும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பெட்டி அதேதான். லினக்ஸும் அதேதான். அந்த வியாழனுக்குப் பிறகு, இடிச் சத்தம் கேட்டதும் குட்டிப் பெட்டியை மூட ஆரம்பிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஆச்சரியம், கரண்ட் போவதற்குள் பெரும்பாலும் மூடிவிட முடிந்தது. முன்பெல்லாம் முதல் இடியும் இருட்டும் ஒன்றாக வரும். எனக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எப்படிப்பட்ட மடையன் நான்.

இந்த வருடம் ஆடி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், இருப்பை ஏற்றிக்கொண்டிருந்தபோது இடித்தது. பக்கம் உறைந்து நின்றதால் என்னால் மூட முடியவில்லை. அணையப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அணையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வராந்தாவில் கைப்பிடியில் கை வைத்தபடி போர்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பெட்டில என்னமும் ஓடுதா? முடிச்சிக்கிடுங்க. அப்புறம் இறக்குறேன்."

அவர் இப்படிக் கேட்டதே இல்லை. இரண்டாவது இடி காட்டுக்கு மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. பேக்கிங் ஷெட் வாசலில் ஒரு பெண் தலையை நீட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, விசில் வராததால் மறுபடி உள்ளே போனாள்.

"இறக்குங்க தம்பி."

"இல்ல, முடிங்க. அன்னைக்கு நான் ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா எம்பிள்ளைக்குக் கோயம்புத்தூர் கெடைச்சிருக்கும்லா."

நாற்காலியை விட்டு எழுந்தேன். "அது உங்களால போகல," என்றேன். "ரெண்டு நிமிசம் இல்ல, அஞ்சு மணி வரைக்கும் நீங்க பொறுத்திருந்தாலும் ஏறி முடிஞ்சிருக்காது. தப்பு எம்மேல, கோயம்புத்தூரைப் போட்டதுமே சேமிச்சிருக்கணும், சேமிக்கல. நான் சும்மா போட்டுப் பாத்த பேருதான் பிள்ளைக்கு வந்துச்சு. சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. இறக்குங்க."

அவர் கைப்பிடியை இறக்கினார். இருட்டில் விசில் நீளமாகக் கேட்டது.

கூடத்தில் எப்போதும் போலத் தலை எண்ணினார். நாற்பதும் சரியாக இருந்தது. நான் தூண் ஓரத்தில் நின்றேன். என்னிடம் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளைப் பற்றி ஏதாவது கேட்பார், ஏசுவார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி," என்றார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கையில் ஒட்டிய வெள்ளி நிற மருந்துப் பொடியோடு அவர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "மூணு வருசமா, எப்ப இடிச்சாலும் நான் ரெண்டு நிமிசம் பொறுத்துத்தான் இறக்கிட்டு வாரேன்."