இரண்டு சிட்டுக்குருவிகள், ஒரு வழக்கு

டவுன் கடைக்கார அண்ணாச்சி அந்தப் பொட்டலத்தை என் முன்னால் போட்டபோது, அது என்னுடையது என்றுதான் நானும் நினைத்தேன்.

“என்னம்மா, இட்லிப் பொடியில உப்பைக் கொட்டி வச்சிருக்கிய? மூணு பேரு திருப்பிக் குடுத்துட்டாவ.”

எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் உறை, சிவப்புக் கரை, நடுவில் இரண்டு சிட்டுக்குருவிகள். என் குருவிகள் ஒன்றையொன்று பார்க்கும். இவை இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. பெயரில் ஓரெழுத்து வேறு. பின்புறம் மேலப்பாளையத்து முகவரி. பேட்டையில் என் பொடி மில்லில் ஆறு வருஷம் வறுவல் பார்த்தவளின் வீடு அது. முந்தின வருஷம்தான் வேலையை விட்டுப் போயிருந்தாள்.

நேரில் போய்க் கேட்டிருக்கலாம். கோபம் விடவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன்.

“உங்க பொருள்னு நம்பித்தான் ஜனங்க அதை வாங்குதாங்க. இது போதும், கேஸ் நிக்கும்” என்றார்.

நின்றது. இடைக்காலத் தடை கிடைத்தது. கோர்ட்டிலிருந்து ஆள் போய் அவள் பொட்டலங்களுக்குச் சீல் வைத்தார்கள். ஜெயித்ததுபோல் இருக்கவேண்டிய எனக்கு அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை. வழியில் தென்படும் கடையிலெல்லாம் நுழைந்து பொட்டலங்களைப் புரட்டினேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து எதிர்க்கடைக்குப் போனேன். மில்லில் கடலைப்பருப்பு இரண்டு முறை கருகியது.

சமரச மையத்துக்கு அவள் தனியாக வந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. பேசித் தீர்த்துவைக்க உட்கார்ந்திருந்தவரிடம் மெதுவாகச் சொன்னாள்:

“பேரை மாத்துதேன், கலரை மாத்துதேன். குருவியை மட்டும் எனக்கு விட்டுரச் சொல்லுங்க.”

“ஏம்மா?”

“அது நான் சொன்னதுல்லா. அச்சாபீஸ்ல வச்சு இந்த அக்கா மயில் போடணும்னாவ. மயிலு எல்லாரும் போடுதாங்க, நம்ம மில்லு ஓட்டுல கூடு கட்டியிருக்குல்லா, அந்தக் குருவியப் போடுவோம்னு நான்தான் சொன்னேன்.”

எனக்கு அச்சகத்தின் மை வாசனை வரை நினைவு வந்துவிட்டது. மனுவில், ‘எனது சொந்தக் கற்பனையில் உருவான படம்’ என்ற வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வக்கீலம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்தார். “இத்தனை வருஷமா அந்தப் படத்தைப் போட்டு வித்தது நீங்க. சட்டப்படி அது உங்களுதுதான். நீங்க ஒண்ணும் பேசாதீங்க.”

அந்த வராந்தாவில் எத்தனை தடவை அங்கும் இங்கும் நடந்தேனோ தெரியாது. உள்ளே போய், “அவ சொல்லுதது நெசம்” என்றேன். வக்கீலம்மா கேஸ் கட்டை மூடி வைத்துவிட்டார்.

“ஆனா உன் உப்புக்கு நான் ஏச்சு வாங்கணுமா?” என்று அவளிடம் கேட்டேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். “அந்தத் தடவை உப்பு கூடிட்டுக்கா. எனக்கே வாயில வைக்க முடியல.”

நீல உறை, புதுப் பெயர், ஒற்றைக் குருவி என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். வழக்கு முடிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“சீல் வைக்க வந்த அன்னைக்கு தெருவே நின்னு பாத்துச்சு. நீங்க ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா நான் மாத்தியிருக்க மாட்டனாக்கா?”

கேட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிட்டாள்.

நீலப் பொட்டலம் இப்போது ஜங்ஷன் கடைகள் வரை வந்துவிட்டது. எங்கேயாவது எதிர்ப்பட்டால் தலையசைக்கிறாள், நிற்பதில்லை. இரண்டு முறை போனை எடுத்து அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, அழைக்காமலே கீழே வைத்தேன்.