ஜஹீதாவின் பாலைவன மலை

அம்மா இறந்து இருபது நாள் ஆகிறது. அலமாரிக்கு மேலே அந்த அட்டை மலை இன்னும் இருக்கிறது. நான் சிவில் இன்ஜினியர். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை மூன்று மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது. மற்றபடி சரி.

1973. என் அம்மா ஜஹீதா அபிராமபுரத்தில் ஒரு தனியார் வரைபட அலுவலகத்தில் தற்காலிக ட்ரேசர். பழைய வரைபடத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, கோடுகளை மையில் பிரதி எடுக்கும் வேலை. அத்தா இல்லாத வீட்டில் எங்கள் இருவருக்கும் அதுதான் சோறு.

அந்த ஆண்டு வந்தது அரபுப் பாலைவன மலைகளின் வரைபடம். வெள்ளைக்காரர் காலத்தில் அச்சானது. ஒரு கம்பெனி அங்கே சாலை போட இருந்தது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் சிக்கெடுக்காத நூல் போல நெருங்கிக் கிடந்தன. ஒரு வறண்ட ஓடை அவற்றை வெட்டிக்கொண்டு இறங்கியது: 2200 அடி, 2100, அடுத்து 2300, பிறகு 1900.

அம்மா பேனாவை வைத்துவிட்டார்.

“சார், ஓடை நடுவுல மேல ஏறுது. அங்க 2000 இருக்கணும். கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க.”

தலைமை வரைவாளர் கருணாகரன் சிரித்தார். “பரங்கிமலையே ஏறினதில்ல நீ. அரபு மலைக்குத் தப்பு சொல்ல வந்துட்டியா? வெள்ளைக்காரன் அளந்தது. இருக்கிறத அப்படியே போடு.”

“தண்ணிக்கு வெள்ளைக்காரனத் தெரியாது சார்.”

“நாளைக்கு ஷீட் முடியலன்னா வேலைக்கு வராத.”

அன்று மாலை தி.நகர் ஜவுளிக்கடையில் காலிப் புடவைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தார். ஆபீஸிலிருந்து ஒற்றியெடுத்து வந்த கோடுகளின்படி அட்டையை வெட்டி, வரைபடத்தில் இருந்த எண்களின்படியே அடுக்கி ஒட்டி, மேலே மெழுகை உருக்கி ஊற்றினார்.

மறுநாள் அதைக் கருணாகரனின் மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

“நீங்களே ஊத்துங்க.”

ஊற்றினார். ஓடையில் இறங்கிய தண்ணீர் 2300 என்ற அட்டைச் சுவரில் முட்டி நின்றது. குளம் கட்டியது. பக்கவாட்டில் வழிந்து அவர் பேண்ட்டை நனைத்தது. ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது. அன்றே கம்பெனிக்குக் கடிதம் போனது.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. ஆள் அனுப்பி அளந்திருந்தார்கள். 2000 அடி.

தற்காலிக ட்ரேசர்கள் ஷீட்டில் பெயர் போடும் வழக்கம் அங்கே இல்லை. கருணாகரன் ஷீட்டை நீட்டினார். “மூலைல உன் பேரப் போடு ஜஹீதா. நாளைலேருந்து நீ பர்மனென்ட்.”

அன்று மாலை அட்டை மலையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு அம்மா பஸ் ஏறினார்.

“கையில இன்னாம்மா கீது?” என்றார் கண்டக்டர்.

“மலை.”

“லக்கேஜ் டிக்கெட் ஆவும்.”

“குடு நைனா,” என்றார் அம்மா. “மலைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.”