அவசரமும் கடைசி வண்டியும்

எங்கள் டிப்போவில் அவருக்குப் பெயர் அவசரம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, அதோடு சரி. மனிதர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்திருப்பார் போல. டீயை நின்றுகொண்டுதான் குடிப்பார், அதுவும் பாதி. முடிவெட்டப் போனால் ஒரு பக்கம் முடிந்ததும் "போதும் போதும்" என்று எழுந்துவிடுவார். சிக்னலில் சிவப்பு விழுந்தால் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவார், காலாலும் போடுவார், போதாததற்குச் சப்புக்கொட்டுவார். வண்டியை எடுத்துவிட்டால் ஷிப்ட் முடியும்வரை இன்ஜினை அணைக்க மாட்டார். திரும்ப ஸ்டார்ட் பண்ணுகிற நேரத்தில் ரெண்டு ஸ்டாப் போய்விடலாம் என்பது அவர் கணக்கு.

நான் அந்த வண்டிக்குக் கண்டக்டர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால்தான் அவரோடு தாக்குப்பிடித்தேன். நான் விசில் ஊதுவதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். திட்டு மட்டும் எனக்கு விழும். "ஏம்மா, உங்க டிரைவரை யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்காத பயணி கிடையாது. அவரிடம் போய்ச் சொன்னால், "நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டா நன்றி சொல்ல ஒருத்தனும் இல்ல தங்கச்சி" என்பார். இந்த மனிதரிடம் என்னத்தைப் பேச?

இவருக்கு வாய்த்த மனைவி, எனக்கு அண்ணி, நேர் எதிர். பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நடந்தால் தரைக்கு வலிக்காது. இரண்டு பேரும் தெருவில் போவதைப் பார்த்தால் புருஷன் பெண்டாட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் நாலு கடை தாண்டிப் போய் நிற்பார். திரும்பிப் பார்ப்பார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "வா, வா" என்று வீசுவார். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, துணிக்கடை, எங்கே போனாலும் இதே கூத்துதான். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அந்தக் கை ஓயவில்லை.

வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் நகரத்தில் பெரிய ஓட்டம் நடக்கும். பாதி ஊர் ஓடும், மீதி ஊர் நின்று கைதட்டும். பத்து கிலோமீட்டர், எல்லாமே முக்கியமான சாலைகள். அன்றைக்கு டிப்போவிலிருந்து ஒரு பஸ் கொடுப்போம். அதுதான் கடைசி வண்டி. ஓட்டக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, வேகமாக நடக்கிற ஆள் வேகத்தில் பின்னாலேயே ஊர்ந்து போகவேண்டும். பஸ்ஸின் மூக்கு யாரைத் தாண்டுகிறதோ அவருக்கு ஓட்டம் முடிந்தது. கையைக் காட்டி ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். பஸ் தாண்டிய சாலையைப் பின்னாலேயே போலீஸ் திறந்துவிட்டுக்கொண்டு வரும்.

இந்த வேலையை யாருக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் மேனேஜர் யோசித்து, பொறுக்கியெடுத்து அவசரத்துக்குக் கொடுத்தார். "அப்பவாவது பொறுமை வருதா பாப்போம்" என்றார். பொறுமையா வந்தது? மூன்று வருஷமாக, கட்டிப்போட்ட காளை மாதிரி உறுமிக்கொண்டே அந்தப் பத்து கிலோமீட்டரை ஓட்டினார். இறங்கும்போது எல்லாம் என் குற்றம் என்பதுபோல முறைப்பார்.

நாலாவது வருஷம் அண்ணி ஓடப் பெயர் கொடுத்துவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர் ஒரு நாள் மெல்ல ஓட ஆரம்பித்தார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்பில் குத்துகிற நம்பர் துணி வீட்டுக்கு வந்த பிறகுதான் அவசரத்துக்கே தெரியும். "பஸ் புடிக்கவே ஓடத் தெரியாதவ, பத்து கிலோமீட்டர் ஓடப்போறாளாம்" என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரித்த வாய்தான் என்னிடம் தனியாக வந்து கேட்டது: "முடியுமா தங்கச்சி? பாதியில விழுந்து கிழுந்து வெச்சா?"

ஓட்டத்தன்று காலையில் அண்ணியும் எங்கள் பஸ்ஸில்தான் கிளம்புமிடத்துக்கு வந்தார். இறங்கும் முன் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து எங்க போனாலும் நீங்க முன்னாடி போய் நின்னுக்கிட்டு வா வான்னு கூப்பிடறீங்க. இன்னிக்கு நான் முன்னாடி போய் நின்னு உங்களைக் கூப்பிடப்போறேன். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

"சரி சரி, இறங்கு, நேரமாச்சு" என்றார் அவசரம். அண்ணி நிதானமாக இறங்கிப் போனார்.

வண்டி கிளம்பியது. நான் முன்படியில், கையில் வாக்கி டாக்கி. முதலில் ஏறியது ஒரு தொப்பிக்காரர். புது ஷூ, புது சட்டை, முகத்தில் மட்டும் உயிர் இல்லை. ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் உயிர் வந்துவிட்டது, எப்படி மூச்சு விடவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் நடத்த ஆரம்பித்தார். பிறகு சிநேகிதிகள் இரண்டு பேர் நொண்டிக்கொண்டே ஏறினார்கள். பிறகு ஒரு வாத்தியார். ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் அவசரம் தலையைத் திருப்பி முகத்தைப் பார்ப்பார். அண்ணி இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விடுவார். அடுத்த நிமிஷமே சீட்டிலிருந்து எழுந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்ப்பார்.

"தெரியுதா? மஞ்சள் சட்டை. தெரியுதா?"

"தெரியல அண்ணே. தெரியலன்னா முன்னாடி போயிட்டாங்கன்னு அர்த்தம். நல்லதுதானே."

"எங்கயாவது உக்காந்துட்டாளோ? தண்ணி குடிச்சாளோ என்னவோ."

"அண்ணே, ரோட்டப் பாருங்க."

அவர் பட்ட பாட்டைப் பார்த்து நானும் படியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த மனிதரோடு ஒரு மணி நேரம் இருந்தால் நல்லவர்களுக்கும் படபடப்பு ஒட்டிக்கொள்ளும்.

பாலத்தின் ஏற்றத்தில் மஞ்சள் சட்டை தெரிந்தது. அண்ணிதான். அவருக்குப் பின்னால் வேறு யாரும் இல்லை. அண்ணிக்கும் எங்களுக்கும் நடுவே நாலைந்து பஸ் நிறுத்துகிற இடம் இருக்கும். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடையும் இல்லை. தோள் இரண்டும் தொங்கிவிட்டன. பாலத்தின் உச்சிக்குப் போவதற்குள் அந்த இடைவெளி பாதியாகிவிட்டது.

அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. "கடைசி வண்டி, கொஞ்சம் வேகமா வாங்க. அடுத்த சந்திப்பைத் திறக்கணும், வண்டியெல்லாம் தேங்கி நிக்குது."

வேகமாகப் போ என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று வாழ்நாள் பூராவும் காத்திருந்த மனிதர் அவர். சொன்னபோது அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

பாலம் இறங்கிச் சமதரை வந்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இன்ஜின் சத்தம் அடங்கியது. அந்த வண்டியில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. வெளியே யாரோ கைதட்டுவதும், பின்னால் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடிப்பதும் தனித்தனியாகக் கேட்டன.

"என்ன ஆச்சு?"

"ரிப்பேர்னு சொல்லு."

"என்ன ரிப்பேர்?"

"சொல்லு தங்கச்சி. வண்டி நகர்ந்தாத்தானே தாண்டும்."

அப்போதுதான் பார்த்தேன், சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாசம்தான், புரிகிறது. அதற்காக ஒரு நகரத்தையே நடுரோட்டில் நிறுத்துவதா? தொப்பிக்காரர் வேறு, "டீசல் பில்டரா இருக்கும், நான் அப்பவே நெனச்சேன்" என்று ஆரம்பித்தார். அவரை ஒரு பார்வை பார்த்தேன், உட்கார்ந்துவிட்டார்.

முன்னால் அண்ணி நின்றுவிட்டார். முதுகுக்குப் பின்னால் அவ்வளவு நேரம் உறுமிக்கொண்டு வந்த சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தார். அவசரத்துக்குப் போன மாதம்தான் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்ஜினை அணைக்கவே அணைக்காத மனுஷன் நடுரோட்டில் அணைத்தால் எந்தப் பெண்டாட்டி என்ன நினைப்பாள்?

அவசரம் ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை தொங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்கி வீசினார். "போ, போ" என்று கத்தினார். அந்தத் தூரத்தில் அது காதில் விழவில்லை, கை மட்டும்தான் தெரிந்தது. முப்பது வருஷமாக அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான். அண்ணி வந்த வழியே திரும்பி ஓடிவர ஆரம்பித்தார்.

"ஐயோ, வராதே, வராதே" என்று இன்னும் வேகமாகக் கையை வீசினார் அவர். அண்ணியும் இன்னும் வேகமாக ஓடிவந்தார். காலையிலிருந்து முன்னால் ஓடியதைவிட, பின்னால் ஓடிவந்த ஓட்டம்தான் ஓட்டம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மூச்சிரைக்கப் படியில் கால் வைக்கப் போனவரைக் குறுக்கே கை நீட்டித் தடுத்தேன். "அண்ணி, ஏறாதீங்க. ஏறினா ஓட்டம் முடிஞ்சுது."

"ஓட்டம் கெடக்குது. அவருக்கு என்ன? நெஞ்சு வலியா?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப வண்டி ஏன் நின்னுது?"

நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அந்தக் கோபத்தில் வாய் சும்மா இருக்குமா? "சாவி அவர் பையில இருக்கு, கேளுங்க" என்றேன்.

அண்ணி அவரைப் பார்த்தார். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அண்ணியின் நாடியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னால முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார் அண்ணி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இல்ல, ஒரு அஞ்சு நிமிஷம் உனக்கு..."

"எனக்கு யாரும் குடுக்க வேணாம். வண்டிய எடுங்க. அவங்க சொன்ன வேகம் எதுவோ அதுல வாங்க. ஒரு நூல் கொறஞ்சாலும் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

சொல்லிவிட்டு பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் போய் நின்று, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுகிற பழக்கத்தில் சட்டையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஓட ஆரம்பித்தார். அவசரம் சாவியை எடுத்தார். துவாரத்தில் சொருகவே இரண்டு தடவை ஆனது.

கடைசிச் சாலை நேர்கோடாகப் போகும். அதன் கோடியில் முடிவு வளைவு பெரிதாகத் தெரிந்தது. அண்ணி முதலில் நன்றாகவே முன்னேறினார். ஒரு பஸ் இடைவெளி, இரண்டு பஸ் இடைவெளி. வண்டிக்குள் எல்லோரும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கத்தினார்கள். நொண்டிக்கொண்டு ஏறிய சிநேகிதிகள் வலியை மறந்து சீட்டின் மேலேயே ஏறி நின்றார்கள். எனக்கும் தொண்டை கட்டிப்போனது.

பிறகு அந்த இடைவெளி சுருங்க ஆரம்பித்தது. திரும்பி ஓடிவந்த அந்தத் தூரம் இப்போது வட்டியோடு வசூலானது. அண்ணியின் கால் தரையை விட்டு எழும்பவே யோசித்தது.

"யோவ் டிரைவர், கொஞ்சம் மெதுவாப் போயேன்யா, என்ன குடி முழுகிப் போச்சு?" என்றார் தொப்பிக்காரர். இவர்தான் வண்டி ஆமை மாதிரிப் போகிறது என்று காலையில் அலுத்துக்கொண்டவர்.

எனக்கும் பொறுக்கவில்லை. "அண்ணே, லேசா காலை எடுத்தாப் போதும். யாருக்கும் தெரியாது."

"ஒரு நூல் கொறையக் கூடாதுன்னு அவ கேட்டுட்டா தங்கச்சி" என்றார் அவசரம்.

அவர் கால் ஆடவில்லை. விரல் தாளம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வேகமுள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு, சொன்ன வேகம் எதுவோ அந்த வேகத்தில் ஓட்டினார். மஞ்சள் சட்டை பஸ்ஸின் மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. மூக்குக்கு நேராக வந்தது. வளைவில் இருக்கிற எழுத்தைப் படிக்கிற தூரம்தான் மிச்சம். பஸ் அண்ணியைத் தாண்டியது.

அவசரம் அழுதுகொண்டிருந்தார். துடைக்கக்கூட ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணி நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் மாதிரி நீட்டினார். வண்டி நின்றது. நான் இறங்கிப் போய்க் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். படியில் கால் எழும்பவில்லை. பின்னால் ஹாரன், கையிலிருந்த வாக்கி டாக்கியில் திட்டு. ஏறு ஏறு என்று அவசரம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாயே திறக்காமல் காத்திருந்தார்.

அண்ணி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார்.

"மெதுவா ஓட்டினீங்களா?"

"இல்ல."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"இல்ல அண்ணி. கொஞ்சம்கூட இல்ல. நாங்க எல்லாரும் சொல்லிப் பாத்தோம், கேக்கல."

அண்ணி சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நான் அதை எதிர்பார்க்கவே இல்லை.

"அப்ப நான் நிஜமாவே ஓடித்தான் தோத்தேன்" என்றார். "வண்டிய எடுங்க, பின்னாடி எல்லாரும் காத்திருக்காங்க."