வாசல் பேனரில் இன்னொருத்தன் கத்தி

கொழிஞ்சாம்பாறையில் பொங்கியண்ணனின் லேத் பட்டறையைத் தெரியாத விவசாயி கிடையாது. மோட்டார் ஷாஃப்ட் தேய்ந்தாலும் டிராக்டர் கொக்கி முறிந்தாலும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். கைவேலை சுத்தம். மனசுதான் கொஞ்சம் இடக்கு. பக்கத்துப் பட்டறையில் புது வெல்டிங் மெஷின் வந்து இறங்கினால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. மச்சினன் கார் வாங்கியபோது, கலர் நன்றாக இல்லை என்று சொல்வதற்காகவே பொள்ளாச்சிவரை பஸ் ஏறிப் போய்வந்த மனிதர்.

அப்படிப்பட்டவருக்குக் கத்திக் கிறுக்கு பிடித்தது. வெட்டுகிற கத்தி இல்லை, பார்க்கிற கத்தி. வைரம் பாய்ந்த பனையில் கைப்பிடி இழைத்து, அலகை முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து ரசிக்கிற சாமான். வருசா வருசம் மூணாறில் இதற்கென்று ஒரு கண்காட்சி நடக்கும். ஆசைக்குக் கத்தி சேர்க்கிறவர்கள் கொச்சியிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் அங்கே வந்துவிடுவார்கள்.

அந்தக் கண்காட்சிக்குப் படம் எடுப்பது பொங்கியண்ணனின் மனைவி வளர்மதி. ஊரில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணமும் சீரும் எடுக்கிறவள். கண்காட்சிக்கு முந்தின நாளே போய் எல்லாக் கத்திகளையும் படம் பிடிப்பாள். அதில் ஒன்றை அவளே தேர்ந்தெடுத்துக் கொடுக்க, கண்காட்சி நடத்தும் ஜிஜோ அதை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலில் தொங்கவிடுவார். போன இரண்டு வருசமும் வாசலில் தொங்கியது பொங்கியண்ணனின் கத்தி. பெண்டாட்டி கையில் கேமரா இருந்தால் பிச்சுவாக்கத்தியும் பேனரில் ஏறும் என்று நாலுபேர் பேசினார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் என்று அவர் திட்டினார். ஆனாலும் அந்தப் பேச்சு அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. நிஜமாகவே கத்தி நன்றாக இருந்ததா, இல்லை புருசன் என்று பார்த்தாளா? கேட்கவும் பயம்.

இந்த வருசம் சின்னக்கானலிலிருந்து அருண்பாண்டி என்று ஒருவன் வந்தான். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர், முதல் தடவை கலந்துகொள்கிறான். கொண்டுவந்தது ஒரே ஒரு கத்தி. பழைய தேயிலைச் செடியின் வேரைக் கடைந்து கைப்பிடி போட்டிருந்தான். வேரின் முடிச்சும் முறுக்கும் அப்படியே இருக்க, அதிலிருந்து அலகு தானாக முளைத்து வந்ததுபோல் இருந்தது. பொங்கியண்ணன் ஒரு தடவைதான் பார்த்தார். உடனே போய்த் தன் கத்தியை இன்னொரு தடவை துடைத்தார்.

பளபளப்பான கத்தியைப் படம் எடுப்பது சாமானிய வேலை இல்லை. எதிரில் இருக்கிற கேமரா, ஜன்னல், எடுக்கிறவரின் மூக்கு எல்லாம் அலகில் தெரியும். அதனால் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, ஒருவர் கறுப்பு அட்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அலகில் பூசிய எண்ணெயையும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் படத்தில் திட்டுத்திட்டாக விழும். எடுத்து முடித்ததும் மறுபடி எண்ணெய் பூசியே பெட்டியில் வைக்க வேண்டும். அருண்பாண்டியினுடையது துருப்பிடிக்கிற இரும்பு, மூணாறோ பனி இறங்குகிற ஊர். எண்ணெய் இல்லாத அலகில் விரல் பட்டால் வியர்வை உப்பு ராத்திரிக்குள் அரித்துவிடும். அட்டை பிடிப்பது, துடைப்பது, எண்ணெய் பூசுவது மூன்றும் பொங்கியண்ணனின் வேலை.

அவருடைய கத்தியை வளர்மதி சட்டென்று எடுத்து முடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அருண்பாண்டியின் கத்தி வந்ததும் அவளுக்கு நேரம் போவதே தெரியவில்லை. அட்டையை ஏற்றச் சொன்னாள், இறக்கச் சொன்னாள், குனிந்து பார்த்தாள், தனக்குள் சிரித்துக்கொண்டாள். தன் கைவலிக்க இன்னொருத்தன் கத்திக்கு அட்டை பிடிக்கிற கொடுமையை எந்தப் புருசனுக்கும் விதிக்கக் கூடாது என்று பொங்கியண்ணன் பல்லைக் கடித்தார்.

“ஏனுங்க, இந்த வேரப் பாத்தீங்களா? என்ன அழகா வந்திருக்குது” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. கத்தியைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் எரிந்தது.

சாயங்காலம் அவள் அந்தப் படத்தையே ஜிஜோவுக்கு அனுப்பினாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்திக்கு எண்ணெய் பூசிப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். பொங்கியண்ணன் தனியாக நின்றார். எண்ணெய்த் துணி ஒரு கையில் இருந்தது. இன்னொரு கையின் கட்டைவிரலை அலகின் நட்டநடுவில் வைத்து அழுத்தினார். எடுத்தார். எண்ணெய்த் துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியைப் பூட்டினார். பிறகு அவரும் போய் டீ குடித்தார். டீ ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் வாசலில் தேயிலை வேர்க் கத்தி ஆள் உயரத்துக்குத் தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அருண்பாண்டியின் அம்மா சாந்தம்மாள் எஸ்டேட் வேலைக்கு லீவு போட்டு வந்து, பேனரைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பொங்கியண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிஜக் கத்தியைப் பார்க்கக் கூட்டம் உள்ளே வந்தபோது ஜிஜோ பெட்டியைத் திறந்தார். அலகின் நடுவில் பழுப்பாக ஒரு கட்டைவிரல். ரேகை ரேகையாகத் துரு. குறுக்கே ஒரு கோடு மட்டும் துருவில்லாமல் பளிச்சென்று இருந்தது. பொங்கியண்ணனின் விரலில் லேத் பெல்ட் கிழித்த பழைய தழும்பு இருக்கிற இடம் அது. தன் விரல் இவ்வளவு சுத்தமாக எழுதிவைக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஜிஜோ கத்தவில்லை. மலையாளம் கலந்த தமிழில், படம் எடுத்த ஆள்தானே எண்ணெய் பூசி வைத்திருக்க வேண்டும் என்று வளர்மதியைப் பார்த்துக் கேட்டார். வளர்மதி அலகையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து புருசனின் கையைப் பார்த்தாள்.

“என் தப்புதானுங்க. பூச மறந்துட்டேன்” என்றாள்.

அடுத்த வருசம் கொச்சியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஜிஜோ அமைதியாகச் சொன்னார். வளர்மதி தலையாட்டினாள். ஊரெல்லாம் கல்யாணம் எடுத்தாலும் அவள் வருசம் முழுக்கக் காத்திருப்பது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்பது பொங்கியண்ணனுக்குத் தெரியும். அவர் ஓரடி முன்னால் வந்தார்.

“அவ இல்லீங்க. நாந்தான் வெரல வெச்சேன்” என்றார்.

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. யாரும் நம்பவில்லை. சாந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருண்பாண்டி வந்து அவர் தோளில் கை வைத்தான்.

“விடுங்கண்ணே. அண்ணி பழிய நீங்க ஏத்துக்கிறீகன்னு எங்களுக்குத் தெரியாதா? இப்பிடி ஒரு மனுசன நான் பார்த்ததே இல்லண்ணே.”

இரண்டு பேர் கைதட்டினார்கள். பின்னால் இருந்த எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். போன இரண்டு வருசமும் அவர் கத்திக்குக்கூட இப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை. கட்டைவிரலை நீட்டி அலகுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பொங்கியண்ணன் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வண்டியில் சாமான் ஏற்றும்போது வளர்மதி வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டே பேசினாள்.

“ரெண்டு வருசமும் உங்க கத்தி நல்லாருந்துதுன்னுதான் வெச்சேன். வேற ஒண்ணும் பாக்கல.”

அவர் ஒற்றைக் கையால் கேமரா பையைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார்.

“கையக் காட்டியிருந்தா நம்பியிருப்பாங்க. ஏன் காட்டல?”

பொங்கியண்ணன் வண்டிச் சாவியைத் தேடுகிறவர்போல் கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். சாவி வண்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.