பளபள மாமாவின் கறுத்த ஸ்பூன்

அக்கா வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபள மாமா. பெரிய ஹோட்டல் ஒன்றில் வெள்ளி ஸ்பூன்களுக்கும் தட்டுகளுக்கும் பாலிஷ் போடுவது அவர் வேலை. மங்கலாக எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என் சாவிக்கொத்தை வாங்கித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஜன்னல் வெயில் தரையில் சாயும் நேரத்தில், துணியும் கையுமாக உட்கார்ந்து தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி பேசுவார்.

"தங்கம் காத்தோட சகவாசமே வச்சுக்காது. எவர்சில்வர் கெட்டிக்காரி. காத்து பட்டதுமே கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்குவா. வெள்ளிதான் அப்பாவி. காத்துல துளி கந்தகம் இருந்தாலும் அதோட சேர்ந்து கறுத்துடுவா."

"நல்லா கதை விடுறீங்க மாமா" என்பேன். எழுந்து போக மட்டும் மனசு வராது.

அப்போதெல்லாம் அவர் கையில் இருந்தது ஒரு சின்ன வெள்ளி ஸ்பூன். அவர்கள் குழந்தையுடையது. நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். துணிமணிகளைப் பார்க்கச் சகிக்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஸ்பூன் மட்டும் தங்கியது. பல் முளைத்த புதிதில் அதன் காம்பைக் கடித்து அவள் பதித்த மூன்று தடங்களும் அதில் இருந்தன. அது கறுக்கக் கூடாதென்று மாமா தினமும் தேய்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை எடுத்துப் பெருவிரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"ஏங்க, மூணு தடம் இருந்துச்சே. ஒண்ணுதானே தட்டுப்படுது?"

மாமா ஸ்பூனை வாங்கித் தடவிப் பார்த்தார். வெள்ளியில் படியும் கறுப்பும் வெள்ளிதான், கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளி. தேய்க்கத் தேய்க்க அது துணியோடு போய்விடும். ஹோட்டல் ஸ்பூன்களில் முத்திரையே அழிந்துபோவதைச் சிரிக்கச் சிரிக்க எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். சொந்த வீட்டு ஸ்பூன் விஷயத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்த மனுஷன் செய்கிற காரியமா இது? திட்ட வாயெடுத்தேன். மாமா கறுத்துப்போன பாலிஷ் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த ரெண்டும் இதுலதான் இருக்கு" என்று அழுதார்.

அக்கா அந்தத் துணியைத் துவைக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்து, அதன்மேல் ஸ்பூனை வைத்தாள். ஸ்பூன் மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்துவிட்டது.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: "பாலிஷ்காரர் வீட்லயே இப்படி ஒரு ஸ்பூனா?"

மாமா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார்.

"போர்த்திக்கிட்டுத் தூங்குறா. எழுப்ப வேணாம்."