நைனா அடித்த ஆணிக் கத்திகள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தர் படத்துக்கு முன்னால் நின்று பஞ்சசீலம் சொல்ல வேண்டும். பொய் சொல்ல மாட்டேன் என்ற இடம் வரும்போது நைனா என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தனை தட்டும் வீண். அவருக்காகவே நான் கூசாமல் பொய் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டிருந்தார்கள். நைனா அங்கே கொல்லுப் பட்டறையில் பாறை துளைக்கும் டிரில் கம்பிகளுக்கு முனை அடித்துக் கொடுத்தவர். மாரிகுப்பத்தில், சுரங்கத்துக்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளிலிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் எழுவதற்கு முன் போய், தூங்கிய பிறகு வருவார்கள். எதிர்வீட்டுக் கைக்குழந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அப்பாவைப் பார்த்து, யாரோ வந்துவிட்டார்கள் என்று வீறிட்டு அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அன்று முழுக்க நைனாவின் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, நைனாவுக்கும் அப்படி ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். நைனா பொங்கல் வரைக்கும் டைம் கேட்டார். கத்தி அடித்து விற்றுப் பார்க்கிறேன், பிழைப்பு ஓடவில்லையென்றால் நானே ரயில் ஏறுகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கே நான் குதித்தேன்.

இரும்புக்கு எங்கே போவது? நல்ல டிரில் கம்பியெல்லாம் பூட்டிய கேட்டுக்கு உள்ளே கிடந்தது. வெளியே இருந்தது பழைய ட்ராலி லைன் ஓடிய தடம் மட்டும்தான். தண்டவாளத்தை யாரோ விற்றுத் தின்றாகிவிட்டது. அதைத் தாங்கிய கட்டைகள் அடுப்புக்குப் போயின. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த ஆணிகளை மட்டும் யாரும் சீந்தவில்லை. கட்டைவிரல் கனத்தில், என் கையளவு நீளத்தில் மண்ணில் புதைந்து கிடந்தன. மழை பெய்து மண் கரைந்தால் போதும், நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நைனா அவற்றைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு பக்கத்தைத் தட்டித் தட்டி அலகாக்குவார். ஆணித் தலையைப் பிடியின் முனையில் அப்படியே விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துச் சர்ச்சில் ஆராதனை முடியும்வரை சம்மட்டியைத் தொடமாட்டார். "அவங்க சாமிகிட்ட பேசினு இருக்காங்க, நடுவுல நாம எதுக்கு?" என்பார்.

முதல் கத்தியைத் தண்ணீரில் தோய்த்து எடுத்ததும் அதன்மேல் அரத்தை ஓட்டிப் பார்த்தார். அரம் வழுக்காமல் இரும்பைச் சுரண்டிக்கொண்டு போனது. இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா?"

"ஆணின்னா வளையணும் பாப்பா, ஒடையக் கூடாது. ஒடஞ்சா வண்டி கவுந்துடும். அதுக்குன்னே மெத்து இரும்புல செய்வாங்க."

ஆணியைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அடுத்த ஆணியை நெருப்பில் வைத்தார்.

லைனில் வீட்டுக்கு ஒன்றாக வாங்கினார்கள். பத்து நாள் போயிருக்கும். குழாயடியில் எதிர்வீட்டு அத்தை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, முந்தானையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"உங்க நைனா கத்தி தக்காளிய வெட்டுதா, தடவிக் குடுக்குதான்னே தெரில பாப்பா. கொஞ்சம் தீட்டித் தரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, மனசு கஷ்டப்படும்."

அவரிடம் நேராகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொருவராக என்னிடம்தான் கொடுத்தார்கள். நான் அவற்றை வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்திருந்த ஓட்டைத் தொட்டிக்கு அடியில் தள்ளினேன். கேட்டவர்களிடம், நைனாவுக்குத் தலைக்குமேல் வேலை, அடுத்த வாரம் தருவார் என்றேன். நைனாவிடம், "எல்லாம் நல்லா கீதாம். அத்தை அவங்க தங்கச்சிக்கு ஒண்ணு கேக்குறாங்க, காசு பொங்கலுக்குத் தராங்களாம்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, "அப்படியா" என்பார். இல்லாத தங்கச்சிக்கு ஒரு கத்தி அடிப்பார். அதுவும் தொட்டிக்கு அடியில் போகும்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது தொட்டியை நிமிர்த்தியவர் நைனாதான். பதினோரு கத்திகள், பாதி துருவேறி. அவர் திட்டவில்லை. அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீட்டி, துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"குடுத்துட்டு வா. நாலு நாளைக்கு வெட்டும்னு சொல்லு."

பொங்கலுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமையே மாமாவோடு ரயில் ஏறினார். பொய் சொன்னதற்குத் தண்டனையாகத்தான் போகிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டே இருந்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா பகலெல்லாம் தூங்கினார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி எப்போது பட்டறை போடுவாய் என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமல், "கரி இல்லியே பாப்பா" என்றார்.

அவ்வளவுதானே என்றிருந்தது எனக்கு. கூடையை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். அத்தைகள் சமைத்து முடித்ததும் கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அவித்துக் கொடுத்தார்கள். என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கு உண்மையைச் சொன்னேன். கூட ஒரு கை அள்ளிப் போட்டார்கள். மூன்று வாரம் சேர்த்தேன். நாலாவது ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிமெண்ட் சாக்கை இழுத்துக்கொண்டு போய் நைனா முன்னால் வைத்தேன்.

அவர் சாக்குக்குள் கையை விட்டார். கரியான அந்தக் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அம்மா வாசற்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை.

சாக்கு பாதிதான் நிறைந்திருந்தது. போதவில்லை என்றுதான் அழுகிறார் என்று நினைத்து, நான் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினேன்.